விண்கலத்தில் புகை மேலே போகாது என்றால் தீயை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் புகை நேரே கூரைக்குப் போகும். சூடான காற்று லேசானது, அதனால் ஏறுகிறது. சுற்றுப்பாதையில் எதற்கும் எடை தெரியாது, அதனால் அந்த ஏற்றமே கிடையாது. மின்விசிறி தள்ளும் பக்கம்தான் புகை போகும். அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் புகை உணரிகளைக் காற்றோட்டப் பாதையில் வைத்திருக்கிறார்கள். லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறினால் அலாரம். தூசி பட்டாலும் அடித்துவிடும், அது பெரிய தொல்லை.

சரி, உணரியை எங்கே வைப்பது? கணினியில் கேபினைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டு, ஒரு மூலையில் புகையை விட்டு, அது உணரிக்கு எத்தனை நொடியில் வருகிறது என்று பார்ப்பார்கள். எனக்குப் பயம் தருவது காற்று தேங்கும் மூலைகள்தான், அங்கிருந்து புகை உணரிக்கு வர நேரமாகும். விண்வெளியில் தீ வெறும் கற்பனை இல்லை: 1997 பிப்ரவரியில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் ஆக்சிஜன் உண்டாக்கும் குப்பி பற்றி எரிந்தபோது வீரர்கள் சுவாச முகமூடி போட வேண்டியிருந்தது.

சர்வதேச நிலையத்தில் அலாரம் உறுதியானால் அந்தப் பகுதியில் காற்றோட்டத்தை நிறுத்துவார்கள். தீக்குப் புதுக் காற்று கிடைக்காது, புகையும் பரவாது.