கோலாலம்பூர் கடைகளில் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்? புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, திருச்சியிலிருந்து வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறிய கொஞ்ச நாளிலேயே மளிகை வாங்கப் போவதென்றால் வெறுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர் பெண் தக்காளிப் பையைத் திருப்பித் தள்ளினாள். இன்னொரு நாள் எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். பூடு என்ற இடத்திலுள்ள சந்தையில் காய்கறிக்காரர் எல்லோர் முன்னாலும் கத்தினார். கடைசியில் ஒரு தமிழ்க் கடையிலேயே உங்களை நிற்கவைத்துவிட்டு, பின்னால் வந்தவர்களுக்குச் சாமான் போட்டார்கள். போதாததற்கு "ஊர்லேருந்து வர்றவங்க எல்லாம் இப்படித்தான்" என்று ஒரு பேச்சு. "நம் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி நடத்துகிறார்களா? வீட்டுக்காரர் விட்டுத்தள்ளு என்கிறார். பேசாமல் எல்லாவற்றையும் போனிலேயே ஆர்டர் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. என் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளியும் முடித்துவிட்டார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் எழுதிய நான்கில் மூன்று அவமதிப்பே இல்லை. நான்காவது அவமதிப்புதான், அதை விட்டுத்தள்ளவே கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதினால் வீட்டை விட்டு வெளியே வரவே மனசு வராது.

முதலில் தக்காளி. இங்கே பல பெரிய கடைகளில் காய்கறியையும் பழத்தையும் அந்தப் பகுதியிலேயே எடை போட்டு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அங்கே தராசோடு ஒருவர் நிற்பார். சீட்டு இல்லாமல் வந்தால் கேஷியரால் எதுவும் செய்ய முடியாது, அவரிடம் தராசே இருக்காது. "திம்பாங்" என்று ஒரே வார்த்தை சொல்லிப் பையைத் திருப்பித் தருவார். போய் எடை போட்டுக்கொண்டு வாருங்கள் என்பதுதான் விஷயம். உங்களுக்குப் பின்னால் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும்போது அவர் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். எல்லாக் கடையிலும் இப்படி இல்லை, சில இடங்களில் கல்லாவிலேயே எடை போடுவார்கள். அதனால் உள்ளே நுழைந்ததும் காய்கறிப் பக்கம் தராசு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விஷயம் இன்னும் முக்கியம், ஏனென்றால் அது உங்களை ரொம்பவே காயப்படுத்தியிருக்கிறது. நீங்கள் எடுத்தது ஒரு கிலோ பிளாஸ்டிக் பாக்கெட். அதன் விலை 2 ரிங்கிட் 50 சென். மீதியை அரசாங்கம் மானியமாகத் தருகிறது. மலேசியக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிய எண்ணெய் அது. நீங்கள் சார்பு விசாவில் வந்தவர், நான் வேலை விசாவில் வந்தவள். நம்மைப் போன்றவர்களுக்கு அது கிடையாது. கேஷியர் அதை விற்றால் கடைக்குத்தான் வம்பு. பாட்டிலில் வரும் எண்ணெயை யாரும் வாங்கலாம், விலைதான் கூடுதல். வார்த்தை எதுவும் சொல்லாமல் அவர் எடுத்து வைத்தது உங்களுக்குத் தட்டிப் பறித்த மாதிரி இருந்திருக்கும். நம் ஊர் ரேஷன் கடையில் அட்டை இல்லாமல் போய் நின்றால் என்ன நடக்குமோ, அதேதான் இங்கே நடந்தது.

இப்படிச் சின்னச் சின்னதாக இன்னும் சில உண்டு. ஒரு சென் நாணயம் 2008 ஏப்ரலோடு வழக்கத்திலிருந்து போய்விட்டது, அதனால் ரொக்கமாகக் கொடுக்கும்போது பில்லை ஐந்து சென் கணக்குக்குச் சரிக்கட்டுவார்கள். 12.43 வந்தால் 12.45 வாங்குவார்கள், 12.42 என்றால் 12.40தான். ஏமாற்று இல்லை. பிளாஸ்டிக் பைக்குக் காசு கேட்பதும் அப்படித்தான். பினாங்கில் 2009லேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். சிலாங்கூரில் 2017 முதல் பைக்கு 20 சென். அந்த மாநிலத்திலுள்ள பெட்டாலிங் ஜெயா பக்கம் போனால் கையோடு துணிப்பை கொண்டுபோங்கள். அப்புறம், பன்றி இறைச்சியும் பீரும் தனிப்பகுதியில் இருக்கும், பெரும்பாலும் தனிக் கல்லாவிலேயே காசு கட்ட வேண்டும். அங்கே எடுத்ததை இந்தப் பக்கம் கொண்டுவந்து முஸ்லிம் கேஷியர் முன்னால் வைத்தால் அவர் முகம் மாறத்தான் செய்யும். அங்கே சங்கடப்படுத்தியது நாம்தான்.

சரி, பூடு சந்தை. அந்தக் காய்கறிக்காரர் ஏன் கத்தினார் என்று உங்களுக்கு இன்னமும் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது: வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் அம்மாக்கள் எல்லோரும் செய்வதுதான். ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். இங்கே சீன வியாபாரிகளுக்கு அது துளியும் பிடிக்காது. அவர் பக்கத்திலிருந்து பாருங்கள்: விடியுமுன் எழுந்து சரக்கு இறக்கி அடுக்கி வைத்திருக்கிறார். நுனி ஒடிந்த காய் மதியத்துக்குள் கறுத்துப்போகும், அடுத்தவர் தொடமாட்டார். பத்து பேர் வந்து ஆளுக்கு நாலு ஒடித்தால் ஒரு கூடையே வீண். தக்காளியை அமுக்குவது, கீரைக்கட்டைப் பிரிப்பது, மாம்பழத்தைப் புரட்டி முகர்ந்துவிட்டு வைத்துவிடுவது எல்லாமே இந்த வகைதான். எடுக்கும் முன் "போலே பிலே?" என்று கேளுங்கள், பொறுக்கிக்கொள்ளலாமா என்று. பெரும்பாலும் ஒரு தலையசைப்பு கிடைக்கும், சிலர் அவர்களே பொறுக்கிப் போடுவார்கள்.

பூடுவில் கான்டனீஸ் என்ற சீனப் பேச்சுமொழி பேசுகிறவர்கள் அதிகம், சாதாரணப் பேச்சே உரக்கத்தான் இருக்கும். எதிர்க்கடைக்காரரிடம் சில்லறை கேட்டாலும் சண்டை போடுவது மாதிரிதான் நமக்குக் கேட்கும். நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் காசுப்பை, பார்வை எப்போதும் கீரைமேல்தான். ரொம்ப காலம் அவர் என்னிடம் பேசியதெல்லாம் விலை மட்டும்தான். நானும் கடை மாற்றவில்லை, அவரிடமே வாங்கினேன். இப்போது முருங்கைக்கீரை வந்தால் எனக்காகப் பெஞ்சுக்கு அடியில் ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கிறார். கறிவேப்பிலையை ஒரு பிடி கேட்காமலேயே பையில் திணித்துவிடுகிறார். இன்றுவரை சிரித்தது கிடையாது. இந்த ஊரில் மரியாதை முகத்தில் தெரியாது, பையில் தெரியும் என்பது என் எண்ணம்.

அதனால் ஒரே கடையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆளாகப் போய் நூறு ரிங்கிட் நோட்டை நீட்டாதீர்கள். மாதக் கடைசியில் சம்பளம் விழுந்த வார இறுதி, நோன்பு மாதத்தில் ஐந்து மணிக்கு மேல், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாட்கள், தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்க: இந்த நேரங்களில் கடைக்குப் போனால் யாருக்கும் யார்மீதும் பொறுமை இருக்காது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் மலாய்க்காரர் கடைகள் பல சாத்தியிருக்கும், வெயிலில் அலையாதீர்கள்.

இனி நிஜமான மரியாதைக்குறைவுக்கு வருகிறேன். இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். வரிசையில் கூடையை மட்டும் வைத்துவிட்டுப் பாதிக் கடை சுற்றப் போகிறவர்கள் உண்டு. தள்ளுவண்டியால் குதிகாலில் இடித்துவிட்டு ஒரு "சோரி"கூடச் சொல்லாதவர்கள் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் உங்கள் காரை மறித்து இரட்டை வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு, விளக்கை மின்னவிட்டபடி ஆற அமரக் கொத்தமல்லி பொறுக்குகிறவர்களும் உண்டு. இவர்களில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். வரிசையில் நுழைந்தால் "அங்கிள், சோரி, பெராத்தூர்" (வரிசையில் நில்லுங்கள்) என்று அமைதியாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பெரும்பாலும் நகர்ந்துவிடுவார்கள், பின்னால் நிற்பவர்களும் உங்கள் பக்கம் பேசுவார்கள்.

நிறத்தைப் பார்த்தா என்று கேட்டீர்கள். சில நேரம், ஆமாம். ஒரு கடை வாசலில் முன்னால் போன இருவரை விட்டுவிட்டு என் பையை மட்டும் திறக்கச் சொன்னார் காவலாளி. நான் பையைத் திறக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. மேலாளரைக் கூப்பிடச் சொல்லி அங்கேயே நின்றேன். அவர் வந்ததும், "எல்லோர் பையையும் பார்ப்பதாக இருந்தால் முதல் ஆளாக நான் காட்டுகிறேன். என்னுடையதை மட்டும் என்றால் காரணம் சொல்லுங்கள்" என்றேன். காரணம் வரவில்லை, மன்னிப்பு வந்தது. அடுத்த முறை போனபோது அந்தக் காவலாளி தலையாட்டினார். நான் இங்கே குடியிருக்கிறவள், காசு கொடுத்து வாங்குகிறவள். தயங்கி நிற்க எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்கும் இல்லை.

தமிழ்க் கடையில் நடந்ததுதான் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய மனத்தாங்கல் இருக்கிறது. இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களின் தாத்தா பாட்டிமார் ரப்பர்த் தோட்டங்களில் மரம் சீவிப் பால் எடுத்து, தோட்டத்துப் பள்ளியில் தமிழைக் காப்பாற்றி வந்தவர்கள். இப்போது கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிற நம்மில் சிலர், அவர்கள் பேச்சில் மலாய் கலந்திருக்கிறது என்று சிரிக்கிறோம், "எங்க ஊர்ல இதுவா விலை?" என்று கல்லா முன்னால் ரூபாய்க் கணக்குப் போடுகிறோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை உங்கள்மேல் கொட்டியதில் ஒரு நியாயமும் இல்லை. வரிசைப்படி நின்ற ஒருவரை ஒதுக்கிவிட்டு அடுத்தவரைக் கவனித்தது தவறு. அந்தக் கடைக்கு மறுபடி ஒருமுறை போங்கள். கூட்டம் இல்லாத நேரமாக, பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். முதலாளியிடமே, "அண்ணே, அன்னைக்கு எனக்கு முன்னாடி மத்தவங்களுக்குப் போட்டீங்க, ஊர்க்காரங்கன்னு ஒரு வார்த்தையும் சொன்னீங்க. எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று நேரடியாகச் சொல்லுங்கள். கடைப் பையன்மேல் கோபப்படாதீர்கள். அவன் புதுக்கோட்டையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்து, காலை முதல் இரவுவரை மூட்டை தூக்குகிறவனாக இருப்பான். முதலாளி சரியாகப் பேசினால் அங்கேயே வாங்குங்கள். இல்லையென்றால் துன் சம்பந்தன் சாலையில் பொன்னி அரிசிக்கு வேறு கடைகள் இருக்கின்றன, மஸ்ஜித் இந்தியா பக்கமும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முகம் சுளித்ததற்கு எந்தச் சட்டமும் கிடையாது, ஆனால் விலை விஷயத்துக்கு உண்டு. பொருளுக்கு விலை எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றால் ரசீதையும் அலமாரிச் சீட்டின் படத்தையும் வைத்துக்கொண்டு முதலில் கடையில் கேளுங்கள். சரிசெய்ய மறுத்தால் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுக்கலாம். பெருநாட்களில் தேங்காய், தக்காளி போன்ற சில பொருள்களுக்கு உச்சவரம்பு விலை அறிவிப்பதும் அவர்கள்தான். ரசீதைக் கடை வாசலிலேயே கசக்கிப் போடாதீர்கள்.

போனில் ஆர்டர் போடுவதைப் பற்றி: அரிசி, பருப்பு, சலவைத்தூள் மாதிரிக் கனமானதை அப்படி வாங்குங்கள், நானும் அப்படித்தான். காயும் மீனும் வேண்டாம், வாடியதைத்தான் அனுப்புவார்கள். அதற்குச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் பூடுவுக்குப் போங்கள், வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு. அந்த வெண்டைக்காய்க்காரர் கடையைத் தாண்டிப் போக வேண்டாம், அவரிடமே அரைக் கிலோ கேளுங்கள்.