பணம் கொடுத்தால் வறுமை போகுமா?

கேள்வி: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் பணம் என்கிறார்கள். அதனால் வறுமை தீருமா? பொறுப்பாக நடப்பது அவரவர் கையில்தானே?

பதில்: ஓரளவு தீரும். மெக்சிகோவில் 1997-ல் தொடங்கிய ‘ப்ரோக்ரெஸா’ திட்டம் பணத்தைத் தாயிடமே கொடுத்தது. பிள்ளைக்கு 85 சதவீத வருகை, குடும்பத்துக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். வகுப்பு ஏற ஏறத் தொகை கூடியது. மேல்வகுப்பில் மாணவிகளுக்கு இன்னும் அதிகம், படிப்பு நிற்பது அங்கேதான். சேர்க்கை உயர்ந்தது. தேர்வுத் திறனில் அந்த முன்னேற்றம் இல்லை: காசு வருகைக்குத்தான், கற்பித்தலுக்கு அல்ல.

பொறுப்பின்மை என்று திட்டுவது சுலபம். பிள்ளையின் கூலி நின்றால் அடுப்பு எரியாத வீட்டில், அந்தக் கூலியை ஈடுசெய்யாத ஊக்கத்தொகை எடுபடாது. பணம் தாமதமாக வந்தாலும் அதே கதி. பள்ளியே எட்டாத தொலைவில் இருந்தால், நிபந்தனை மிக ஏழையைத்தான் முதலில் வெளியே தள்ளும்.