ஜி.எஸ்.டி போன பிறகும் பிரீமியம் ஏறுகிறதே... பாலிசியை மாற்றலாமா?

கேள்வி: திருச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 46. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 66 வயது அம்மா என ஐந்து பேருக்கும் சேர்த்து 5 லட்ச ரூபாய்க்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுத்திருக்கிறோம். சென்ற ஆண்டு ஜி.எஸ்.டி-யுடன் 47,200 ரூபாய் கட்டினேன். இந்த ஆண்டு ஜி.எஸ்.டி இல்லை என்றாலும் 52,000 கேட்கிறார்கள். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், ‘இதை விட்டுத் தள்ளுங்கள், வேறு கம்பெனியில் 10 லட்சத்துக்கு இதைவிடக் குறைவாகப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்’ என்கிறார். பேசாமல் கவரேஜை 3 லட்சமாகக் குறைத்துவிடலாமா என்றும் யோசனை. புதுப்பிக்க இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பிரீமியம் 4,800 ரூபாய் கூடியிருப்பதாக நினைக்கிறீர்கள். அதைவிட அதிகம். நீங்கள் சென்ற ஆண்டு கட்டிய 47,200-ல் 7,200 ரூபாய் ஜி.எஸ்.டி (18%). கம்பெனிக்குப் போனது 40,000 மட்டும். தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி கிடையாது. ஆக, இப்போது கேட்கும் 52,000 முழுவதும் கம்பெனிக்கே போகிறது. 40,000 இருந்தது 52,000 ஆனால் ஏற்றம் 30%. வரி நீங்கியதால் இதில் பாதிக்கு மேல் உங்கள் கண்ணில் படவில்லை. வரி விலக்கு வந்ததில் கம்பெனிகளுக்கும் ஒரு நஷ்டம் உண்டு. தங்கள் செலவுகளில் கட்டும் ஜி.எஸ்.டி-யை இனி அவை கழித்துக்கொள்ள முடியாது. அதனால் விலை கொஞ்சம் ஏறலாம்தான். ஆனால், 30 சதவிகிதத்துக்கு அந்தக் காரணம் போதாது.

உங்கள் விஷயத்தில் பெரிய காரணம் அம்மாவின் வயதாகத்தான் இருக்கும். ஃப்ளோட்டர் பாலிசியில் குடும்பத்திலேயே வயதில் மூத்தவரை வைத்துத்தான் பெரும்பாலும் விலை போடுவார்கள். பல கம்பெனிகளின் விலைப் பட்டியலில் 61 - 65 ஒரு படி, 66 - 70 அடுத்த படி. அம்மா 66-ஐத் தொட்டதும் நீங்கள், உங்கள் மனைவி, பிள்ளைகள் எல்லோருமே அவரோடு அடுத்த படிக்கு ஏறியிருப்பீர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் 66 வயதுக்காரருக்கான கணக்கில் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

பணம் கட்டும் முன் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள். கூடிய 12,000-ல் வயதுப் படி மாறியதால் எவ்வளவு, விலைப் பட்டியலையே திருத்தியதால் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்துவதாக இருந்தால் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. வயதுப் படி மாறியதுதான் காரணம் என்று கம்பெனி பதில் தரலாம். தரட்டும், எழுத்தில் தரட்டும். பதில் வராவிட்டாலோ மழுப்பினாலோ ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்தில் புகாராகப் பதிந்துவிடுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

இப்போது உங்கள் ஏஜென்ட் சொன்னதற்கு வருகிறேன். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக எடுப்பது, குறிப்பாக அம்மாவுக்கு, செய்யவே கூடாத காரியம். ஆறு ஆண்டுகள் விடாமல் கட்டியதில் உங்களுக்கு இரண்டு உரிமைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, ஏற்கெனவே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டது. இன்று சர்க்கரையால் சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டு அம்மாவை அட்மிட் செய்தால் பழைய நோய் என்று சொல்லி கைகழுவ முடியாது. புது பாலிசி என்றால் இந்தக் காத்திருப்பு மூன்று ஆண்டுகள் வரை போகலாம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் பொதுவாக இரண்டு ஆண்டுகள் தனியாகக் காத்திருக்க வேண்டும். 66 வயதில் இந்த ஆண்டுகள்தான் மிகவும் தேவைப்படும் ஆண்டுகள்.

இரண்டாவது உரிமை பலருக்குத் தெரியாது. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்துவிட்டால், ‘நீங்கள் இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டீர்கள்’ என்ற காரணத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். முன்பு எட்டு ஆண்டுகளாக இருந்ததை 2024-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. புது பாலிசி எடுத்தால் இந்தக் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடும். ஏஜென்டுக்குப் புது பாலிசியில் கிடைக்கும் கமிஷன் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் சொல்லும் வழி, அம்மாவைத் தனி பாலிசிக்குப் பிரிப்பது. அதே கம்பெனியில், புதுப்பிக்கும் நேரத்தில், காத்திருப்புக் கால உரிமைகளோடு ஃப்ளோட்டரிலிருந்து ஒருவரைப் பிரித்துத் தரும்படி எழுதிக் கேளுங்கள். பொதுவாகச் செய்து தருகிறார்கள். அம்மா பெயரில் 5 லட்சத்துக்குத் தனி பாலிசி. மீதி நான்கு பேருக்கு 46 வயது கணக்கில் ஒரு ஃப்ளோட்டர். இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்கிக் கூட்டிப் பாருங்கள். 52,000-க்கு வெகுவாகக் குறையும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அம்மாவின் பாலிசி மட்டுமே கணிசமாக வரும். ஆனால், இதுவரை ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்ட 5 லட்சம், அம்மாவுக்கு 5, உங்களுக்கு 5 என்று ஆகிவிடும். அடுத்து அம்மாவுக்கு 70 முடிந்து படி மாறும்போது உங்கள் பாலிசியின் விலை அசையாது. வருமான வரியில் பழைய முறையில் இருந்தால் மருத்துவக் காப்பீட்டுக்கான வரிக் கழிவில் உங்கள் குடும்பத்துக்கு 25,000, மூத்த குடிமகளான அம்மாவுக்கு 50,000 என்று இரண்டு வரம்புகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் இந்தச் சலுகை கிடைக்காது. புதிய முறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை.

கம்பெனி மாற்ற வேண்டும் என்ற ஆசை இருந்தால் அந்த நால்வர் பாலிசியை மட்டும் மாற்றுங்கள். அதற்கு ‘போர்ட்டபிலிட்டி’ என்று பெயர். காத்திருந்த ஆண்டுகள் கூடவே வரும், ஆனால் பழைய கவரேஜ் அளவுக்குத்தான். 5 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குப் போனால் கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். அதற்கு உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆனால், நிறைய இல்லை. அம்மாவை போர்ட் செய்யப் பார்க்காதீர்கள். போர்ட்டபிலிட்டியில் புது கம்பெனி விண்ணப்பதாரரின் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம், விலையைக் கூட்டலாம். இப்போதைய கம்பெனிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நீங்கள் க்ளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க அதற்கு அனுமதி இல்லை.

கவரேஜை 3 லட்சமாகக் குறைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். கவரேஜைக் கிட்டத்தட்ட பாதியாக்கினால் பிரீமியமும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. முதல் சில லட்சங்களுக்குத்தான் க்ளெய்ம் அடிக்கடி வருகிறது, அதனால் விலையின் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். மேலே இருக்கும் லட்சங்கள் மலிவு. இதே காரணத்தால்தான் ‘சூப்பர் டாப்-அப்’ பாலிசி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. 5 லட்சம் டிடக்டிபிள் (அதாவது, அந்த அளவைத் தாண்டிய பில்லுக்குத்தான் இந்த பாலிசி பணம் தரும்) வைத்து 10 அல்லது 15 லட்சத்துக்கு நால்வருக்கும் ஒன்று எடுத்துவிடுங்கள். வேறு கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை. வெறும் ‘டாப்-அப்’ என்று ஒன்றைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஆண்டில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இரண்டு முறையும் 4 லட்சம் பில் வந்தால், டாப்-அப் எந்த பில்லும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று ஒரு ரூபாய்கூடத் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தமான 8 லட்சத்தைப் பார்த்து 5 போக 3 லட்சம் தரும்.

விலை குறைந்த பாலிசியில் எங்கே கத்தரித்திருக்கிறார்கள் என்று பார்க்க ஓர் இடம் உண்டு: அறை வாடகை. ஒரு பாலிசியில் அறை வாடகை வரம்பு கவரேஜில் 1% என்று இருக்கிறது என்று வையுங்கள். 5 லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். அட்மிஷன் கவுன்ட்டரில் அந்த விலையில் அறை காலி இல்லை என்று 8,000 ரூபாய் அறையைத் தருகிறார்கள். நான்கு நாட்களுக்கு 12,000 ரூபாய்தானே கைக்காசு என்று தலையாட்டிவிடுவோம். டிஸ்சார்ஜ் அன்று பில் வரும்போதுதான் விஷயம் தெரியும். மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றையும் எட்டில் ஐந்து பங்காக வெட்டியிருப்பார்கள். அந்தத் தலைப்புகளில் 2 லட்சம் வந்திருந்தால் கிடைப்பது 1,25,000. மீதி 75,000 நம் கையிலிருந்து. மருந்து, உடலுக்குள் வைக்கும் ஸ்டென்ட் போன்ற கருவிகள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்பது விதி. பில்லில் அதையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக் கேளுங்கள்.

அறை வாடகை வரம்பு உள்ளதா, எந்தெந்த சிகிச்சைக்கு உச்சவரம்பு, நோயாளியின் பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் வாடிக்கையாளர் தகவல் தாள் என்று இரண்டு மூன்று பக்கங்களில் கொடுத்தாக வேண்டும். தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழில் தர வேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வண்ணப் படத்தை ஒதுக்கிவிட்டு இந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பிரீமியத்தில் ஏதாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அம்மாவின் பாலிசியில் 10% கோ-பேமென்ட்டை ஏற்கலாம். 4 லட்சம் பில்லில் 40,000 நீங்கள் போட வேண்டியிருக்கும்; கடைக்காரரால் புரட்டக்கூடிய தொகை. 30% என்றால் 1,20,000. அது வேண்டாம். மூத்த குடிமக்களுக்கென்றே விற்கும் பல பாலிசிகளில் இந்தப் பங்கு கட்டாயமாகவே இருக்கும், கவனியுங்கள். உங்களுடையதைப் போன்ற நால்வர் பாலிசியில் கோ-பேமென்ட்டைத் தொடாதீர்கள். கம்பெனிகள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து விலை வைப்பதும் உண்டு. திருச்சி விலைக்கு எடுத்துவிட்டு சென்னையில் சிகிச்சை பெற்றால் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும் பாலிசிகள் இருக்கின்றன. பெரிய ஆபரேஷனுக்கு சென்னைக்குத்தான் போவீர்கள் என்றால், சென்னை மண்டல விலையையே கட்டிவிடுவது நல்லது.

அரசுத் திட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், உங்களுக்குப் பொருந்தாது. மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் 70 வயது முடிந்தவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அம்மாவுக்கு அந்த வயது வரும்போது கார்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியார் பாலிசி இருந்தாலும் தடையில்லை.

இந்த வாரமே மெயிலும் பிரிக்கும் விண்ணப்பமும் போகட்டும். நால்வருக்கும் வேறு கம்பெனி பார்ப்பதாக இருந்தால் அந்த விண்ணப்பத்தில் பழைய பாலிசிகள் ஆறின் நகலையும் இணையுங்கள். பதில் வரும்வரை பழைய பாலிசியை நிறுத்தாதீர்கள். பதில் தாமதமானால் பழையதையே காலத்தில் புதுப்பித்துவிட்டு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். 30 நாள் சலுகைக் காலம் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஆண்டு பிரீமியம் கட்டுபவர்களுக்கு அந்த நாட்களில் பாலிசியின் தொடர்ச்சி அறுபடாதே தவிர, இடையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் க்ளெய்ம் கிடைக்காமல் போகலாம். புது பாலிசிகள் கைக்கு வந்ததும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே முதன்முதலில் காப்பீடு தொடங்கிய தேதி, ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தேதி, அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவின் சர்க்கரையும் பிரஷரும் அதில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே திருத்தித் தரச் சொல்லி எழுதுங்கள். மறுத்தால் ‘பீமா பரோசா’வில் புகார் பதியுங்கள். ஆனால், அம்மாவின் பாலிசியை விட்டுவிடும் முடிவை எடுக்கும் முன் எனக்கு ஒரு முறை எழுதுங்கள்.