நெல்சன் கண்ணில் துணி எங்கே?

கேள்வி: அண்ணன் மகன் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் எடுத்த போட்டோவை அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தால் நெல்சன் சிலையின் கண்ணில் கறுப்புத் துணியே இல்லை. சிற்பி மறந்துவிட்டாரா? - ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மறக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியான நெல்சன் அப்படித் துணி கட்டிக்கொண்டதே கிடையாது. 1794ல் கோர்சிகா தீவில் கால்வி முற்றுகையின்போது தெறித்த கல்லும் மண்ணும் பட்டு வலக்கண் பார்வை போனது, ஆனால் பார்க்கிறவர்களுக்குக் கண் கண்ணாகத்தான் தெரிந்தது. பிற்காலத்தில் தொப்பியோடு ஒரு பச்சை மறைப்பு வைத்திருந்தார், அதுவும் மிச்சமிருந்த நல்ல கண்ணை வெயிலிலிருந்து காப்பாற்றத்தான்!

அவரை உட்காரவைத்து வரைந்த படங்களே ஒன்றுபோல் ஒன்று இல்லை. ரிகோ என்ற ஓவியர் 1777ல் ஆரம்பித்தபோது நெல்சன் பதினெட்டு வயது லெப்டினன்ட். படம் முடிவதற்குள் கடலுக்குப் போய்விட்டார். 1780 கடைசியில் திரும்பி வந்தபோது கேப்டன், அதோடு காய்ச்சலில் விழுந்து எழுந்து உருக்குலைந்த ஆள். படம் இப்போதைய என்னைப்போல் கொஞ்சமும் இருக்காது, ஓவியரிடம் சொல்லி அழகைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள் என்று படம் வரையச் சொல்லியிருந்த தன் பழைய கேப்டனுக்கே கிண்டலாக எழுதினார். ரிகோ சீருடைச் சட்டையின் கைப்பகுதியைக் கேப்டன் பதவிக்கு உரியதாக மாற்றி, பின்னால் நிகரகுவாவில் பிடித்த சான் ஹுவான் கோட்டையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

நாம் அதிகம் பார்ப்பது அபட் வரைந்த முகம். ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் நடந்த சண்டையில் வலக்கை போய், அந்தக் காயம் ஆறிக்கொண்டிருந்த 1797ல் உட்கார்ந்தது. அதை வைத்தே அபட் திரும்பத் திரும்பப் பிரதி போட்டார். 1798ல் எகிப்துக் கரையோரம் பிரெஞ்சுக் கப்பல்களை வென்ற நைல் போருக்குப் பிறகு துருக்கி சுல்தான் தந்த வைரத் தொப்பி நகையையும், கண்ணால் பார்க்காமலே ஒரு பிரதியில் வரைந்து சேர்த்தார்.

எனக்குப் பிடித்தது குஸ்ஸார்டி இத்தாலியில் வரைந்ததுதான். ஒட்டிய கன்னம், நைல் போரில் நெற்றியில் பட்ட காயம் உறுத்தாமலிருக்கப் பின்னால் தள்ளிய தொப்பி. இதன் ஒரு பிரதியில் பிற்பாடு யாரோ தழும்பின்மேல் வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள், சில வருடங்களுக்கு முன் சுத்தம் செய்தபோதுதான் வெளியே வந்தது. ஹீரோ முகத்தில் தழும்பு வேண்டாமாம்!

ஓவியர்கள் அவர் சாவையும் விடவில்லை. 1805ல் டிரஃபால்கர் கடற்போரில் அவர் உயிர் பிரிந்தது கப்பலின் இருட்டான கீழ்த்தளத்தில். பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியர் தன் படத்தில் அவரை மேல்தளத்துக்கே தூக்கி வந்து, சுற்றிக் கூட்டம் நிறுத்தி, வெளிச்சத்தில் சாகவைத்தார்.

கேள்வி: நெல்சன் சென்னைக்கு வந்ததுண்டா? - அதே வாசகர்

பதில்: உண்டு. 1774ல், சீஹார்ஸ் கப்பலில், மீசை முளைக்காத பையனாக. இந்தப் பக்கத்துக் கடல்களில் சுற்றியதில் மலேரியா பிடித்து, 1776ல் ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரிகோ முன்னால் போய் உட்கார்ந்தது அதற்கு அடுத்த வருடம்தான்.