லேவியராகமம் 15-உம் திருவிருந்தும்

சகோதரி, மாதவிடாய் நாள்களில், சபையார் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் பங்குபெறக் கூடாதென்று உங்கள் மாமியார், பழைய ஏற்பாட்டில் உடல் தீட்டுகளைப் பற்றிக் கூறும் லேவியராகமம் 15-ஐக் காட்டித் தடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதே அதிகாரத்தை 16ஆம் வசனத்திலிருந்து அவருடன் சேர்ந்து வாசியுங்கள். விந்து வெளிப்பட்ட ஆணும் குளித்து, மாலைவரை தீட்டுள்ளவனாகவே இருந்தான். ஆனால் அதற்காக இன்று எந்த ஆணையும் யாரும் ஆலய வாசலில் நிறுத்துவதில்லை!

இறந்தவரை அடக்கம் செய்வது கடமையாயிருந்தும், பிணத்தைத் தொட்டவனுக்கு எண்ணாகமம் 19 ஏழு நாள் தீட்டு விதிக்கிறது. ஆகவே இவ்வகைத் தீட்டு பாவமன்று. இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தையும் பின்னர் எருசலேம் ஆலயத்தையும் அணுகுமுன் கழிக்க வேண்டியிருந்த ஒரு நிலை. அந்த ஆலயமோ கி.பி. 70-இல் அழிந்துபோயிற்று. (நம் வீடுகளின் பழைய தீட்டு வழக்கமே வசனத்தின் துணையைத் தேடிக்கொண்டதோ என்பது என் ஐயம்.)

மாற்கு 5-இல், 12 ஆண்டுகளாக உதிரப்போக்கால் வருந்திய பெண் கூட்டத்தினூடே வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். நடுங்கியபடி முன்னே விழுந்த அவளிடம் அவர் தீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "மகளே" என்றே அழைத்தார்.

இப்பகுதிகளை மாமியாரின் முன்னிலையிலேயே விளக்கும்படி உங்கள் போதகரைக் கேளுங்கள். உடல் இடங்கொடுத்தால், வரும் ஞாயிறு தயங்காமல் பங்குபெறுங்கள்.