ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கிறீச்சிடுகிறதா? ஆல்டர்னேட்டரை மாற்றுமுன் இதைப் பாருங்கள்

கேள்வி: ஒன்பது வயதான ஜப்பானிய செடான் கார் ஓட்டுகிறேன். இரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நிற்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பத்து விநாடிக்கு ‘கிறீச்’ என்று அலறிவிட்டு அடங்கிவிடுகிறது. மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். இப்போது ஏர்கான் போடும்போதும் கேட்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஆல்டர்னேட்டர், பெல்ட், புல்லி எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடிகிறது. இவ்வளவு செலவு தேவையா? வாரக்கடைசியில் ஜோகூர் போய் வரலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: நீங்கள் சொல்லும் சத்தம் பெரும்பாலும் பெல்ட் வழுக்கும் சத்தம். இன்ஜினின் சுழற்சியை, புல்லி எனும் சக்கரங்கள் வழியாக, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் ஏர்கான் கம்பிரசருக்கும் கொண்டுபோவது இந்தப் பெல்ட்தான். ஆல்டர்னேட்டர் கெட்டுப்போனதற்கு இது அடையாளம் அல்ல. அதை மாற்ற இப்போதே சம்மதிக்க வேண்டாம்.

காலையில் மட்டும் ஏன்? ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியிலிருந்து போன மின்சாரத்தை ஈடுகட்ட, அடுத்த சில விநாடிகள் ஆல்டர்னேட்டர் கடுமையாக உழைக்கிறது. அந்த நேரத்தில் அதைச் சுற்றுவது கனமாக இருக்கும். இரவு ஈரம் பெல்ட்டில் படிந்திருந்தால் பிடிமானமும் குறையும். ஏர்கான் கம்பிரசர் சேரும்போதும் இதே கதைதான்: சுமை கூடுகிறது, தளர்ந்த பெல்ட் வழுக்குகிறது. இதில் பேட்டரிக்கும் பங்கு உண்டு. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தாண்டிய பேட்டரி என்றால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டரி வலுவிழந்திருந்தால் ஆல்டர்னேட்டர் கூடுதல் நேரம் சுமை இழுக்கும், அலறலும் நீளும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தேவை, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே போத்தல், அதில் வெறும் தண்ணீர். சத்தம் வரும் நேரத்தில், இன்ஜின் ஐட்லில் ஓட, பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் எட்ட நின்று லேசாகத் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இழுவிசை போதவில்லை. சத்தம் சட்டென்று நின்று சில விநாடியில் திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. அப்படி வரும் சத்தம் பெரும்பாலும் நீண்ட அலறலாக இருக்காது, குருவி கத்துவதுபோல் விட்டு விட்டுக் கேட்கும். தண்ணீரால் ஒரு மாற்றமும் இல்லையென்றால் பேரிங் (புல்லி தடையின்றிச் சுழல உள்ளே இருக்கும் பாகம்) பக்கம் பாருங்கள். அலுவலகப் பாஸ் தொங்கும் கழுத்துப்பட்டை, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பானெட்டுக்குள் போகக்கூடாது. இன்ஜினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

பெல்ட் டிரெஸ்ஸிங் எனும் பசை ஸ்பிரே, டபிள்யூடி-40 எனும் எண்ணெய் ஸ்பிரே இரண்டும் வேண்டாம். சத்தம் ஒரு வாரம் அடங்கும். அதற்குள் பசை புல்லிப் பள்ளங்களில் தூசியைச் சேர்த்துக்கொள்ளும், எண்ணெய் ரப்பரை ஊறவைத்துவிடும். பிறகு புதுப் பெல்ட் போட்டாலும் வழுக்கும்.

இழுவிசை குறைவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று பெல்ட் தேய்மானம். பழைய பெல்ட்டுகளில் வெடிப்பு தெரியும். இப்போதைய பெல்ட்டுகள் இபிடிஎம் எனும் செயற்கை ரப்பர். அவை வெடிக்காமலே தேயும். ‘பார்க்க நல்லாத்தானே இருக்கு’ என்று பலர் விட்டுவிடுவது இங்கேதான். வரிகளுக்கு இடையிலான பள்ளம் கூராக இல்லாமல் அகன்று வளைந்திருந்தால், வரி பள்ளத்தின் ஓரங்களைப் பற்றாமல் புல்லியின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். 100,000 கிலோமீட்டரை ஒட்டி ஓடிய பெல்ட் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். முதுகில் 6பிகே1210 என்பதுபோல் எண் இருக்கும்: ஆறு வரி, 1210 மில்லிமீட்டர் நீளம். புதியதிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று டென்ஷனர், அதாவது ஸ்பிரிங் வைத்துப் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கை. ஐட்லில் அது லேசாக அதிரலாம். ஏர்கான் போடும்போது துள்ளித் துள்ளி ஆடினால் ஸ்பிரிங்கோ அதிர்வைத் தாங்கும் பகுதியோ போய்விட்டது. சில இன்ஜின்களில் தானியங்கி டென்ஷனரே கிடையாது. ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி இழுத்து முறுக்க வேண்டும். உங்களுடையது அந்த வகையென்றால், பெல்ட்டும் தேயாமல் இருந்தால், சரியான அளவுக்கு இறுக்கினாலே போதும். சத்தம் போகட்டும் என்று கண்டபடி இறுக்குபவர்களும் உண்டு. அப்படி இறுக்கினால் நல்ல ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் பாழாகும்.

பெல்ட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஐட்லர் புல்லி, அதாவது பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் உள்ள சக்கரம், நல்ல நிலையில் இருந்தால் சத்தமில்லாமல் ஓரிரு சுற்றில் நின்றுவிடும், உள்ளே கிரீஸ் இருக்கிறது என்று பொருள். ‘சர்ர்ர்’ என்று வெகுநேரம் சுழன்றால் கிரீஸ் வற்றிவிட்டது. சொரசொரப்போ பக்கவாட்டு ஆட்டமோ இருந்தால் அந்தப் புல்லியை மட்டும் மாற்றலாம். வாட்டர் பம்ப் அருகே காய்ந்த கூலண்ட் படிவு இருந்தால் அது கசிகிறது. வால்வ் கவர் பக்கமிருந்து எண்ணெய் வழிந்தாலும் முதலில் கசிவை அடைத்து, புல்லிகளைத் துடைத்த பிறகே புதுப் பெல்ட். சில ஆல்டர்னேட்டர் புல்லிகளுக்குள் ஒருவழி கிளட்ச் இருக்கும்; உள் தண்டைப் பிடித்துக்கொண்டு சுழற்றினால் ஒரு பக்கம் பூட்டி, மறுபக்கம் விட வேண்டும். இரு பக்கமும் பூட்டினாலோ விட்டாலோ புல்லியைத் தனியாக மாற்றலாம், ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டியதில்லை.

பெல்ட் போட்டு முடிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தால் ஓரம் நைந்து கொஞ்ச நாளில் அறுந்துவிடும்.

சிஓஇயைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் பெல்ட், தேவைப்பட்டால் டென்ஷனர், இத்தோடு நிறுத்துங்கள். இன்னும் ஐந்து, பத்து ஆண்டுக்குப் புதுப்பிப்பதாக இருந்தால், பெல்ட் கழன்றிருக்கும்போதே ஐட்லரையும் மாற்றிவிடுவது சிக்கனம். கூலி இரண்டு முறை ஆகாது.

ஜோகூர் பயணத்தைப் பெல்ட்டைப் பார்க்கும்வரை தள்ளிப்போடுங்கள். கடற்பாலத்தில் ஏர்கானோடு மணிக்கணக்கில் ஊர்வது தளர்ந்த பெல்ட்டுக்கு நல்லதல்ல. ஓடும்போது பேட்டரிச் சிவப்பு விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். பல இன்ஜின்களில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதனால் வெப்பமானி வேகமாக ஏறும். வீடு பக்கம்தானே என்று ஓட்டாமல் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சிங்கப்பூர் விரைவுச்சாலை என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் எமாஸ் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அங்கிருந்து ஒர்க்‌ஷாப்வரை உங்கள் செலவு.