வெண்புள்ளிகள் என்கிறது ஸ்கேன்: எம்.எஸ். நோயா, வேறா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறோம். 27 வயதான என் மகளுக்குச் சென்ற ஆண்டு வலது கண் வலியுடன் மங்கி, மூன்று வாரத்தில் தெளிந்தது. இப்போது இடது கால் மரத்துப்போகிறது. மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'நான்-ஸ்பெசிஃபிக்' (இன்ன நோயால் என்று சொல்ல முடியாத) வெண்புள்ளிகள் என்றிருக்கிறது. காந்த வலிமை கூடிய 3 டெஸ்லா கருவியைத் தேடி வெளியூர் செல்ல வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. 3 டெஸ்லாவில் சிறு திட்டுகள் (அறிக்கை சொல்லும் வெண்புள்ளிகள்) கூடுதலாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் 1.5 டெஸ்லா கருவியிலும் உரிய வரிசைகளில் (படமெடுக்கும் முறைகளில்) எடுத்தால் எம்.எஸ்., அதாவது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைக் கண்டறிய முடியும். உங்கள் மகளின் ஸ்கேனில் எனக்குப் படும் குறை வேறு: கால் மரக்கும்போது மூளையை மட்டும் படமெடுத்தால் போதாது, தண்டுவடத்தையும் பார்வை நரம்புகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒற்றைத் தலைவலியும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குக்கூட மூளையில் வெண்புள்ளிகள் தெரியும் என்பதால், எண்ணிக்கையை விட இடமே முக்கியம். மூளையின் நீரறைகளை ஒட்டியும், புறணியிலோ அதை ஒட்டியோ, மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும், தண்டுவடத்திலும் திட்டுகள் இருக்கின்றனவா என்று தேடுகிறோம்; எம்.எஸ்.ஸை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்டு விதிகளின் 2024 திருத்தம் பார்வை நரம்பை ஐந்தாவது இடமாகச் சேர்த்திருக்கிறது.

ஆகவே மெல்லிய துண்டுகளாக எடுக்கும் திட்டுகளை வெண்மையாகக் காட்டும் முப்பரிமாண ஃபிளேர் வரிசையையும், இரும்புச்சத்தையும் சிரைகளையும் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. வரிசையையும் கேளுங்கள். எம்.எஸ். திட்டு பெரும்பாலும் ஒரு நுண்சிரையைச் சுற்றியே உருவாவதால், இவ்விரண்டையும் ஒப்பிட்டால் திட்டின் நடுவே மெல்லிய கருங்கோடு தென்படும். ஆறு திட்டுகளிலாவது அது தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. சில திட்டுகளின் ஓரத்தில் கரிய வளையம் காணப்படும். அங்கே அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். காடோலினியம் என்ற நிறமூட்டு மருந்தை ஊசியாகப் போட்டால் அண்மையில் தோன்றிய திட்டுகள் ஒளிரும். சிறுநீரகக் கோளாறோ கர்ப்பமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

படம் மட்டும் தீர்ப்பாகாது. இதே அறிகுறிகளைத் தரும் நியூரோமைலைடிஸ் ஆப்டிகா (பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோய்), மாக் (MOG) எதிர்ப்பொருள் நோய் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை உண்டு, எம்.எஸ்.ஸுக்கான சில மருந்துகள் முதலாவதைக் கடுமையாக்கிவிடும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. பழைய ஸ்கேனை ஃபிலிமாக அல்ல, சி.டி.யாக வாங்கி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ வேறிடத்திலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் மீண்டும் மங்கினாலோ, கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.